திருகோணமலையில் வேலை, கொழும்பில் வகுப்பு: தகவல் பாதுகாப்பில் முதுமாணி படிக்க ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் கணினியோடு சம்பந்தப்பட்ட வேலை செய்பவர்கள் பல இடங்களில் சிதறி இருக்கிறார்கள். மாகாண சபைக் கந்தோர்கள், வங்கிக் கிளைகள், சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலைகள், வைத்தியசாலை, பாடசாலைகள் என்று எல்லா இடத்திலும் ஒருவர் இருவர் உண்டு. இவர்களில் பலருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அந்த யோசனை வரும்: தகவல் பாதுகாப்பில் ஒரு முதுமாணி செய்தால் என்ன? விசாரிக்கப் போனால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்துவது. வேலை முடிந்து ஒரு பஸ் ஏறினால் வகுப்பு என்கிற வசதி நமக்கு இல்லை. ஆகவே நேரத்தையும் பயணத்தையும் முன்னால் வைத்து, எந்த ஒழுங்கில் என்ன செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்வது

ஒரு தாளில் ஒரு வசனமாக எழுதிப் பாருங்கள். பதவி உயர்வுக்கா, வேலை மாறவா, வெளிநாடு போகவா, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவா? ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பாடநெறி வேறு. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: தகவல் பாதுகாப்பு அலுவலர் என்ற தனிப்பதவி திருகோணமலைக்குள் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். பாதுகாப்பு வேலை தாராளமாக இருக்கிறது, ஆனால் அது பிரிண்டர் திருத்துகிறவரின் தலையிலேயே விழுகிறது. பட்டம் முடிந்த அடுத்த மாதமே ஊருக்குள் புதுக் கதிரை கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கடன் எடுக்க வேண்டாம். வீட்டில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வது, கொழும்புக்கு மாறுவது, இருக்கும் இடத்தில் மேலே போவது என்ற மூன்றில் ஒன்றை மனதில் வைத்துத் தொடங்குவதே நடைமுறை.

கிரெடிட் கணக்கு

விளம்பரத்தில் "ஒரு வருடம்", "இரண்டு வருடம்" என்றுதான் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, கல்வித் தகைமைகளை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அந்தப் பட்டம் எந்த மட்டம் என்பதை. 9ஆம் மட்டம் என்றால் பாடநெறி வேலையால் பெறும் முதுமாணி, குறைந்தது 30 கிரெடிட். 10ஆம் மட்டம் என்றால் ஆய்வும் சேர்ந்தது, 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் என்று சட்டகம் கணக்கிடுகிறது. ஆய்வுக் கிரெடிட் என்றால் 100.

இதைப் பெருக்கிப் பாருங்கள். 30 கிரெடிட் என்பது 1,500 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதானால் வாரத்துக்கு 29 அளவில் வரும். 60 கிரெடிட்டில் 45 பாடத்துக்கும் 15 ஆய்வுக்கும் என்று வைத்தால் 3,750 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 36. கிட்டத்தட்ட இன்னொரு முழுநேர வேலை! உங்கள் வேலையில் தினமும் கையாளும் பாடங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது என்பது உண்மை. ஆனாலும் வாரத்துக்கு 15 மணித்தியாலமாவது ஒதுக்க வழியில்லை என்றால் இந்த வருடம் விண்ணப்பிக்காமல் அடுத்த வருடம் பார்ப்பது நல்லது.

எந்த மட்டம் என்பதில் என் கருத்து இதுதான்: விரிவுரையாளர் பதவியோ கலாநிதிப் பட்டமோ மனதில் இருந்தால் 10. பதவி உயர்வும் அறிவும்தான் நோக்கம் என்றால் 9 போதும். மேலும் இரண்டையும் ஒரே பாடநெறிக்குள் வைத்து, ஆய்வு செய்யாமல் 9 உடன் வெளியேற வழி வைத்திருக்கும் இடங்கள் உண்டா என்று கேளுங்கள். குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்தக் கதவு பெரிய ஆறுதல்.

எங்கே படிப்பது

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இளமாணி மட்டத்தில் இருக்கிறது. தகவல் பாதுகாப்பு முதுமாணிக்குப் பெரும்பாலும் கொழும்பை நோக்கித்தான் போக வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ரீட் அவெனியூவில் இருக்கிறது. மாலபேயில் உள்ள ஸ்லிட் நிறுவனம் தகவல் தொழில்நுட்ப முதுமாணியில் சைபர் பாதுகாப்பைச் சிறப்புத் துறையாகத் தருகிறது. கோட்டையில் இறங்கி ரீட் அவெனியூவுக்குப் போவதும் மாலபேக்குப் போவதும் ஒன்றல்ல. சனிக்கிழமைக் காலையில் அது சின்ன விஷயமாகத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மாலை இரவு ரயிலைப் பிடிக்க ஓடும்போது தெரியாது.

வெளிநாட்டு ஒன்லைன் பட்டங்கள் இன்னொரு வழி. இந்தத் துறையில் முதுமாணியை முதன்முதலில் தொடங்கிய இடங்களில் முக்கியமானது லண்டனின் ரோயல் ஹோலோவே, ஆண்டு 1992. அதன் கல்விப் பொறுப்பில் லண்டன் பல்கலைக்கழகம் சைபர் பாதுகாப்பு முதுமாணியைத் தொலைக்கல்வியாகவும் நடத்துகிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் 2019இல் ஒன்லைன் சைபர் பாதுகாப்பு முதுமாணியைத் தொடங்கியபோது முழுக் கட்டணமும் 10,000 டொலருக்குள் என்று அறிவித்தது. அந்த நாட்டுக் கணக்குக்கு மலிவு, நமது ரூபாவில் இன்னமும் பெரிய தொகை. டொலரில் கட்ட வேண்டிய படிப்பு என்றால், ரூபா சரிந்தால் கடைசித் தவணை எவ்வளவு ஆகும் என்றும் கணக்குப் போட்டு வையுங்கள். 2022ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரச துறையில் பட்டத்தைக் காட்டப் போகிறீர்கள் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்ட முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடிப்படைத் தகுதியில் பலர் தடுமாறுவது மூன்று வருடப் பட்டத்தில். மூன்று வருடம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். கொழும்பின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்ப இளமாணி (பிஐடி) முடித்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் "எனக்கு இடம் கிடைக்குமா" என்று நண்பரிடம் கேட்பதை விட்டு, பாடநெறி இணைப்பாளருக்கே பெறுபேற்றுப் பிரதியோடு எழுதிக் கேட்பது நல்லது. அதே மின்னஞ்சலில் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: நேரில் வரவேண்டிய நாட்கள் எவை, சனி ஞாயிறு இரண்டுமா ஒன்றா, விரிவுரைப் பதிவு கிடைக்குமா, பரீட்சை எங்கே, வரவு எத்தனை வீதம் கட்டாயம், ஒரு பருவம் இடைநிறுத்தி மீண்டும் சேர முடியுமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேலை செய்பவருக்கு அதிகம் தேவைப்படுவதே அதுதான்.

கந்தோரில் பேசுவது

அரச ஊழியர் என்றால் வாய்ப்பேச்சு போதாது. கற்கை விடுமுறை, அதற்கான பிணைமுறி (படித்தபின் குறித்த காலம் சேவை செய்வதாக எழுதிக் கொடுப்பது), திணைக்கள அனுமதி எல்லாம் தாபன விதிக்கோவைப்படி நடக்கும். தாபனப் பிரிவு எழுதுவினைஞரிடம் போய் எந்தப் படிவம், யாரூடாக என்று முதலே தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்ப முடிவு திகதிக்கு முதல் வாரம் கோப்பு மேலே போகத் தொடங்கினால் திரும்பி வராது.

தனியார் துறையில் மேலாளரிடம் சுற்றி வளைக்காமல் சொல்வது நல்லது: "சேர், சனி ஞாயிறுதான் வகுப்பு. பரீட்சைக் காலத்தில் மட்டும் சில நாள் லீவு தேவைப்படும். திகதிகள் வந்தவுடன் தந்துவிடுகிறேன்." லீவுக்கு மேலாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். படிக்கும் பாடங்களை நிறுவனத்தின் வேலையில் பயன்படுத்த அனுமதி. இடர் மதிப்பீடு, காப்புப்பிரதித் திட்டம், பாஸ்வேர்ட் கொள்கை போன்றவற்றை எப்படியும் யாரோ எழுத வேண்டும். நீங்கள் ஒப்படைக்காக எழுதுவது கந்தோருக்கும் உதவினால் அந்த மணித்தியாலங்களை இரண்டு தடவை செலவழிக்கத் தேவையில்லை. தூரத்தால் நாம் இழக்கும் நேரத்தைத் திரும்பப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. இதனாலேயே ஓரளவு அனுபவம் உள்ளவர் புதிதாகப் பட்டம் முடித்தவரைவிட இந்தப் படிப்பில் இலகுவாக ஓடுகிறார்.

சேர முன் மூன்று மாதம்

புதிதாக வருகிறவர்கள், பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு நேரே தாக்குதல் கருவிகளுக்குப் போவார்கள். ஒரு பக்கெட், அதாவது வலையமைப்பில் போகும் தரவுத் துண்டு, எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் அந்தக் கருவிகள் சொல்லும் எதுவும் விளங்காது. முதலில் வலையமைப்பைப் படியுங்கள்: டிசிபி, டிஎன்எஸ், சப்நெட், எச்டிடிபிஎஸ் கைகுலுக்கல். வலையமைப்புப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து உங்கள் வீட்டு லப்டொப்பின் போக்குவரத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். அடுத்தது லினக்ஸ் கட்டளை வரி. ஓவர்தவயர் தளத்தின் பண்டிட் என்ற இலவசப் பயிற்சி இதற்குப் போதும், தினமும் இரவு ஒன்றிரண்டு படி. அப்புறம் பைதன் நிரலாக்க மொழி, லொக் கோப்பு (கணினி தன் நடவடிக்கைகளைப் பதியும் கோப்பு) ஒன்றை வாசித்து எண்ணிச் சொல்லும் அளவுக்கு. தகவலை மறைகுறியாக்கும் கிரிப்டோகிராபி பாடத்தில் மட்டு எண்கணிதமும் பகா எண்களும் வரும். உயர்தரத்தில் கணிதம் செய்யாதவர்கள் அதை இப்போதே தொட்டுப் பார்ப்பது நல்லது.

லப்டொப்பில் 16 ஜிபி ராம் இருக்கட்டும். ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, ஒரு காளி இயந்திரம், பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்புளொயிட்டபிள் ஒன்று, இரண்டையும் வெளியே போக முடியாத ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பில் இணைத்தால் உங்கள் ஆய்வுகூடம் தயார்.

அந்த வலையமைப்பை விட்டு வெளியே கைவைக்கும் முன் சட்டத்தை வாசியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றி அணுகுவதையே குற்றமாக்குகிறது. 3ஆம் பிரிவின் கீழ் ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் வைஃபையை "சும்மா ஸ்கான் பண்ணிப் பார்த்தேன்" என்பதில் சும்மா என்று ஒன்றில்லை. சொந்தக் கந்தோர்ச் சேர்வர் என்றாலும் எழுத்து அனுமதி வேண்டும். எந்த இயந்திரங்கள், எந்தத் திகதி, எந்த நேரம், எதைச் செய்யமாட்டீர்கள், ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதிகாரம் உள்ளவரின் கையொப்பம் வாங்குங்கள். ஐடிப் பிரிவு நண்பர் "ஓம், பார்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

வாரத்தை ஒழுங்குபடுத்துவது

நேர் வகுப்பு உள்ள வாரம் இப்படித்தான் போகும்: வெள்ளி இரவு ரயில், சனி ஞாயிறு வகுப்பு, ஞாயிறு இரவு திரும்பவும் ரயில், திங்கள் காலை கந்தோர். ஒரு வழிக்கு எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். கல்லோயாப் பக்கம் யானைகளுக்காக வேகம் குறைப்பார்கள், தாமதமும் வரும். பஸ் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போகும். ரயிலைவிட நேரம் நெகிழ்வானது, ஆனால் அதில் தூக்கம் சரிவராது. இரண்டாம் வகுப்பு ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நீண்ட விடுமுறை ஒட்டிய வாரங்களில் கடைசி நேரம் இடம் கிடைக்காது. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் சனி இரவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இல்லாதவர்கள் வகுப்பில் இருக்கும் இன்னொரு வெளியூர்க்காரரோடு அறையைப் பங்குபோடலாம்.

ரயிலில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். விரிவுரைப் பதிவைத் தரவிறக்கி வைத்து ஹெட்ஃபோனில் கேட்கலாம், அவ்வளவுதான். திங்கட்கிழமையை ஒன்றுக்கும் கணக்கில் எடுக்க வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை அதிகாலை இரண்டு மணித்தியாலம் என்பது பலருக்குச் சரிவருகிறது. பிள்ளைகள் எழும்ப முன், வெயில் ஏற முன். இரவு பத்துக்குப் பின் புத்தகத்தைத் திறப்பது முதல் மாதம்தான் நடக்கும்.

ஒன்லைன் வகுப்பு என்றால் இணைப்புக்கு இரண்டு வழி வைத்திருங்கள். வீட்டு ஃபைபர் ஒன்று, வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டா மற்றது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். ஒன்லைன் பரீட்சை நாளில் மின்சாரம் போனதற்கு யாரும் மன்னிப்புத் தருவதில்லை. மூதூர், கிண்ணியாப் பக்கம் சிக்னல் இழுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்கு நகரத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

பாடங்கள் எப்படி இருக்கும்

பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்று: கிரிப்டோகிராபி, வலையமைப்புப் பாதுகாப்பு, மென்பொருள் பாதுகாப்பு, இடர் முகாமைத்துவம், டிஜிட்டல் தடயவியல், சட்டமும் ஒழுக்கமும். தொழில்நுட்பப் பக்கம் பலம் உள்ளவர்கள் இடர் முகாமைத்துவத்தை வெறும் பேச்சு என்று ஒதுக்குவார்கள். புள்ளி போவது அங்கேதான். தகவல் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் நான்கு பிரிவாக இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கந்தோரை எடுத்து ஒவ்வொன்றும் இருக்கிறதா, இல்லையா, ஏன் இல்லை என்று நிரப்பிப் பாருங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் சைபர் பாதுகாப்பு ஆவணங்கள் எல்லாம் இலவசம். 2024இல் வந்த அதன் சைபர் பாதுகாப்புச் சட்டகத்தின் இரண்டாம் பதிப்பில் ஆளுகை என்ற ஆறாவது செயற்பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். யார் முடிவெடுக்கிறார், யார் பொறுப்பு என்ற கேள்விதான் அது.

உதாரணத்துக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மீது ரான்சம்வெயார் (தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் மென்பொருள்) தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல் தரவுகள் காப்புப்பிரதி இல்லாமல் போயின. பாதிக்கப்பட்ட கணக்குகள் 5,000 அளவில். மாகாணக் கந்தோரில் வேலை செய்பவருக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடைக்காது: பழைய மென்பொருள் பதிப்பு, பிற்போடப்பட்ட மேம்படுத்தல், கைகொடுக்கக் காப்புப்பிரதி இல்லாதது. இன்னொன்று 2016 பெப்ரவரி பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளை. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பிய 20 மில்லியன், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை ஒருவர் கவனித்ததால் நின்றது. மனிதர் ஒருவர் வாசித்துப் பார்ப்பதும் ஒரு கட்டுப்பாடு என்று ஒப்படையில் எழுத நல்ல இடம்.

கந்தோரை வைத்து எழுதும்போது பெயர், ஐபி முகவரி, ஆட்களின் விபரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துக்கொண்டே நோயாளர் பட்டியலை லப்டொப்பில் கொண்டு திரிவது அழகில்லை.

மொழி

விரிவுரை ஆங்கிலத்தில். வகுப்பு வட்ஸ்அப் குழு பெரும்பாலும் சிங்களத்தில் ஓடும், சிலவேளை விரிவுரையாளரும் நகைச்சுவையைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அப்படியே விளக்கத்தையும் தொடர்வார். "சேர், அதை ஆங்கிலத்திலும் சொல்ல முடியுமா" என்று கேட்கத் தயங்க வேண்டாம், கேட்டால் சொல்வார்கள். எழுதுவதில் முதலில் தமிழில் நான்கு வரி போட்டு வாதத்தைத் தெளிவாக்கிவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவது பலருக்குக் கைகொடுக்கிறது. மொழிபெயர்க்க வேண்டாம், ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எல்லா இடத்திலும் இருக்கிறது. மேற்கோள்களைச் சொட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருளில் முதல் நாளில் இருந்தே சேர்த்து வையுங்கள்.

ஆய்வேடு

தலைப்பைக் கடைசிப் பருவத்தில் தேடத் தொடங்கினால் கொழும்பில் எல்லோரும் எடுக்கும் தலைப்பே வரும். நமக்கு ஊரே தலைப்பு தரும். உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகள் சுற்றுலாப் பயணிகளின் கடவுச்சீட்டுப் படங்களை வட்ஸ்அப்பில் வாங்கி என்ன செய்கின்றன? தமிழில் வரும் மோசடிக் குறுஞ்செய்திகளை, அதுவும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை, கணினி எவ்வளவு சரியாக அடையாளம் காணும்? சின்னக் கந்தோர் ஒன்று எவ்வளவு குறைந்த செலவில், திரும்ப எடுத்துச் சோதித்த காப்புப்பிரதி வைத்திருக்கலாம்? இவை போன்றவற்றுக்குத் தரவு உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, மொழியும் உங்களுக்குத் தெரியும். துறைமுகக் கட்டுப்பாட்டு முறைகள் போன்ற பெரிய தலைப்புகள் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள்.

ஆட்களிடம் பேட்டி எடுப்பதானால் ஒழுக்கக் குழுவின் அனுமதிக்குச் சில வாரங்கள் போகும், அதை முன்பே கணக்கில் சேருங்கள். மேற்பார்வையாளரை மாதம் ஒரு தடவையாவது, ஒரு பக்கக் குறிப்போடு சந்தியுங்கள், ஸூமில் என்றாலும் சரி.

படிக்கும்போதே தொழிற்சான்றிதழ் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே பருவத்தில் இரண்டையும் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தகவல் பாதுகாப்புத் தொழிற்சான்றிதழான சிஐஎஸ்எஸ்பிக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும், தகுதியான பட்டம் இருந்தால் ஒரு வருடம் குறையும். ஆகவே முதுமாணியை முடித்துவிட்டு, பாடங்கள் மறக்க முன் எழுதலாம்.

ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்தபின் பட்டமளிப்பு வர மாதக்கணக்கு ஆகும். அதுவரை காத்திருக்காமல் பாடநெறி பூர்த்தி செய்த கடிதத்தையும் பெறுபேற்றுத் தாளையும் கேட்டு வாங்கி, உறுதிப்படுத்திய பிரதியைக் கந்தோரில் உங்கள் சுயவிபரக் கோவையில் போடச் சொல்லுங்கள். பிணைமுறி எழுதியவர்கள் அது எந்தத் திகதியில் இருந்து ஓடுகிறது என்பதையும் அதே நாளில் தாபனப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.